மல்லிகன் சீட்டு வேண்டாம், ஒரு அடியை எழுதிக்கொள்வோம்



இந்தக் கோடையில் நம் வாலிபர் ஐக்கியம் நடத்தப்போகும் கோல்ஃப் போட்டியின் அறிவிப்பை எல்லோரும் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். தேர்ந்தெடுத்திருக்கும் திடலின் வரைபடத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பதினெட்டுக் குழிகளில் பாதிக்கு மேல் தண்ணீர். ஒரு குழியில் குளத்தைத் தாண்டி அடிக்க வேண்டும், அடுத்ததில் ஓடையை ஒட்டி அடிக்க வேண்டும், சிலவற்றில் இரண்டும் உண்டு. எளிய திடலில் ஆடிச் சலித்துப்போன யாரோ நாலு பேர் சேர்ந்து எடுத்த முடிவு போலிருக்கிறது. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கடினமான திடலுக்கு என் ஓட்டு உண்டு.

என் ஆட்சேபணை அறிவிப்பின் கடைசி வரிக்குத்தான். மல்லிகன் சீட்டு ஒன்று 5 டாலர், ஒருவருக்கு மூன்று வரை. அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். ஐந்து டாலர் விஷயத்துக்கு இரண்டு பக்கக் கட்டுரையா என்று நினைக்க வேண்டாம். பொறுமையாகப் படியுங்கள்.

கோல்ஃப் ஆடாத அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும் ஒரு விளக்கம். மல்லிகன் என்றால் இனாமாகக் கிடைக்கும் மறு அடி. பந்து குளத்தில் விழுந்துவிட்டதா? கவலை இல்லை. விழவே இல்லை என்று வைத்துக்கொண்டு, இன்னொரு பந்தை எடுத்து அதே இடத்தில் வைத்து அடிக்கலாம். ஸ்கோர் கார்டில் முதல் அடி ஏறாது. இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்குப் பல கதைகள் சொல்கிறார்கள். கனடாவின் மாண்ட்ரியல் பக்கம் இருந்த டேவிட் மல்லிகன் என்பவரைச் சுட்டுகிறது ஒரு கதை. இன்னொரு கதை நம் நியூஜெர்சியில் நடக்கிறது. எசெக்ஸ் ஃபெல்ஸ் கிளப்பில் உடை மாற்றும் அறையைப் பார்த்துக்கொண்ட மல்லிகன் என்ற ஊழியர், தன்னோடு ஆடியவர்களிடம் இன்னொரு அடி கேட்டு வாங்கினாராம். எந்தக் கதை உண்மையானாலும், அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் விதிப்புத்தகத்தில் மல்லிகனுக்கு இடமே கிடையாது. அந்தச் சங்கத்தின் தலைமையகம் 1972 முதல் நம் மாநிலத்தில்தான், லிபர்ட்டி கார்னரில், இருக்கிறது.

நிதி திரட்டும் போட்டிகளில் மட்டும் மல்லிகனை விலைக்கு விற்பது இந்த நாட்டில் வழக்கம். எல்லா சங்கங்களும் செய்கின்றன. நாமும் செய்தால் என்ன என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

விதிப்புத்தகம் தரும் இரக்கம்

பந்து தண்ணீரில் விழுந்தால் விதி என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். 2019இல் விதிகளைத் திருத்தி எழுதியபோது, தண்ணீர்த் தடை என்ற பழைய பெயரை நீக்கிவிட்டு பெனால்ட்டி பகுதி என்று வைத்தார்கள். 17ஆம் விதி அதைப் பற்றியது. பந்து கிடக்கும் இடத்திலிருந்தே அடிக்க முடிந்தால், காலணியைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி அடிக்கலாம். அதற்குத் தண்டனை இல்லை. முடியாது என்றால் உங்கள் கணக்கில் ஒரு அடி கூடும். பிறகு முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் அடிக்கலாம். அல்லது பந்து எல்லையைக் கடந்த இடத்தையும் கொடியையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்து, அந்தக் கோட்டில் பின்னால் வந்து பந்தை விடலாம். சிவப்புக் கம்பு நட்ட பகுதியாக இருந்தால், பந்து எல்லையைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்கு அருகே போகாமல், பந்தை விட்டு அடிக்கலாம். இப்படி விடுவதைத்தான் டிராப் என்கிறோம். முன்பெல்லாம் தோள் உயரத்திலிருந்து பந்தை விட வேண்டும். 2019 முதல் முழங்கால் உயரம் போதும்.

இந்த விதியில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, விழுந்தது விழுந்ததுதான், அதை எழுதியே ஆக வேண்டும். இரண்டாவது, அதன் விலைக்கு அளவு உண்டு. உங்கள் பந்து கரையிலிருந்து ஒரு சாண் தள்ளி விழுந்தாலும், குளத்தின் நடுவே ஆழத்துக்குப் போனாலும் தண்டனை ஒரு அடிதான். மூன்றாவது, நீங்கள் ஆட்டத்தை விட்டு வெளியேற்றப்படுவதில்லை. பந்தை விட்டுவிட்டு மேலே ஆடலாம்.

மல்லிகன் இந்த மூன்றில் முதலாவதை அழித்துவிடுகிறது. அதை அழித்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் அர்த்தமே இருக்காது.

மூன்று என்று எழுதிய அட்டை

ஃபுளோரிடாவில் டிபிசி சாக்ராஸ் என்ற திடல் 1980இல் திறக்கப்பட்டது. பீட் டை என்பவர் வடிவமைத்தது. அதன் 17ஆம் குழியை டிவியில் பார்த்திருப்பீர்கள். சுமார் 137 கஜ தூரம்தான். ஆனால் பந்து போய் நிற்க வேண்டிய பச்சைத் தரையைச் சுற்றித் தண்ணீர், ஒரு தீவு மாதிரி. மண் தோண்டித் தோண்டி அந்த இடம் பெரிய பள்ளமாகிப் போனதும், அதில் தண்ணீரை நிரப்பித் தீவாக்கிவிடலாமே என்று யோசனை சொன்னவர் பீட் டையின் மனைவி ஆலிஸ் டை. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பந்துகள் அந்தக் குளத்தில் விழுவதாக மதிப்பிடுகிறார்கள். பெரிய ஆட்டக்காரர்களும் அங்கே விதிவிலக்கல்ல.

1999இல் பிளேயர்ஸ் போட்டியில் ஃப்ரெட் கப்பிள்ஸ் அங்கே அடித்த முதல் பந்து தண்ணீரில் விழுந்தது. தண்டனையாக ஒரு அடியைச் சேர்த்துக்கொண்டு, அதே இடத்தில் நின்று அடுத்த பந்தை அடித்தார். அது பறந்து போய் நேராகக் குழிக்குள் விழுந்தது. கணக்குப் பாருங்கள். தண்ணீரில் விழுந்த அடி ஒன்று, தண்டனை ஒன்று, குழிக்குள் போன அடி ஒன்று. ஆக மூன்று. அந்தக் குழிக்கு உரிய பார் எண்ணும் மூன்றே.

அவரிடம் ஒரு மல்லிகன் சீட்டு இருந்திருந்தால் அட்டையில் ஒன்று என்று எழுதியிருப்பார். ஒரே அடியில் குழி! கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது பொய். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த அடியை இன்றும் பேசுகிறார்கள் என்றால், அதற்கு முன்னால் ஒரு பந்து தண்ணீருக்குள் போனது என்பதால்தான்.

அதே திடலில் 2022 மார்ச் மாதம். நம் இந்தியாவின் அனிர்பன் லாகிரி பட்டத்துக்கு மிக அருகில் வந்திருந்தார். முன்னணியில் இருந்த ஆஸ்திரேலியாவின் கேமரன் ஸ்மித் கடைசிக் குழியில் பந்தை மரங்களுக்குள் அடித்தார். அங்கிருந்து வெளியே தட்டிவிட்ட பந்து திடலைத் தாண்டி உருண்டு தண்ணீருக்குள் போய்விட்டது. உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது, இருப்பது ஒரே குழி. அவர் தண்டனை அடியை ஏற்றுக்கொண்டு, பந்தை டிராப் செய்து, அடுத்த அடியில் கொடிக்கு மிக அருகில் கொண்டுபோய் வைத்தார். ஒரே அடி வித்தியாசத்தில் வென்றார். லாகிரிக்கு இரண்டாம் இடம். இந்தியர்களான நமக்கு வருத்தம்தான். ஆனாலும் அந்த டிராப்புக்குப் பிறகு ஸ்மித் ஆடிய அடியை நான் மெச்சாமல் இருக்க முடியாது.

எதிர்மாறான கதையும் உண்டு. 1998இல் அதே ஃபுளோரிடாவின் பே ஹில் திடலில் ஜான் டேலி 6ஆம் குழியை ஆடினார். பார் ஐந்து. ஏரியைத் தாண்டி அடிக்க முயன்று பந்தைத் தண்ணீரில் விட்டார். சற்றுப் பாதுகாப்பான பக்கமாக அடிக்க வழி இருந்தது. அவர் கேட்கவில்லை. மறுபடி அதே அடி, மறுபடி தண்ணீர். ஆறு பந்துகள் போயின. அந்த ஒரு குழிக்கு அவர் எழுதிய எண் 18. முதல் பந்து பறித்தது ஒரு தண்டனை அடியை மட்டுமே. மிச்சத்தையெல்லாம் பறித்தது, நடந்ததை ஏற்காத மனசு.

ஆனாலும் டேலி அந்தப் பதினெட்டை அட்டையில் எழுதினார். அது சாதாரண விஷயமல்ல. கோல்ஃபில் பெரும்பாலும் நடுவர் பக்கத்தில் நிற்பதில்லை, நம் கணக்கை நாமே சொல்கிறோம். 1925இல் அமெரிக்க ஓப்பன் போட்டியில், தான் அடிக்கத் தயாரானபோது பந்து சற்றே அசைந்துவிட்டது என்று பாபி ஜோன்ஸ் தாமே சொல்லி, ஒரு தண்டனை அடியைத் தம் கணக்கில் ஏற்றிக்கொண்டார். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. கடைசியில் வில்லி மக்ஃபார்லேனோடு சமநிலை வந்து, மறு ஆட்டத்தில் தோற்றார். அந்த ஒரு அடி இல்லாதிருந்தால் மறு ஆட்டமே தேவைப்பட்டிருக்காது.

சீட்டு விற்ற பழைய கதை

நல்ல காரியத்துக்குப் பணம் சேர்கிறதே என்று கேட்கலாம். நம் சபைச் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எங்கேயோ கேட்டது போல் இருக்கும். 1517இல் ஜெர்மனியில் பாவமன்னிப்புச் சீட்டு விற்ற தெட்சல் என்ற துறவியும் நல்ல காரியத்துக்கென்றுதான் விற்றார். ரோமில் பரிசுத்த பேதுரு ஆலயம் கட்ட வேண்டியிருந்தது. மார்ட்டின் லூத்தருக்கு வந்த கவலை பணத்தைப் பற்றியது மட்டுமல்ல. சீட்டு வாங்கியவர்கள் இனி மனந்திரும்ப வேண்டியதில்லை என்று நினைத்துவிடுகிறார்களே என்பதுதான் அவருடைய பெரிய கவலை. அவர் தொடங்கிய அந்த வாதத்தின் ஒரு கிளைதான் 1706இல் சீகன்பால்க் வழியாகத் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கியது. அந்த மரபில் வந்த குடும்பங்கள் நம்மில் எத்தனையோ. நாமே ஒரு மேசை போட்டு, ஐந்து டாலர் கொடுத்தால் உன் பந்து விழவில்லை என்று சீட்டு விற்பது கொஞ்சம் வேடிக்கையாக இல்லையா?

இங்கே ஒரு தம்பி கையைத் தூக்குவது எனக்குத் தெரிகிறது. "அக்கா, தேவன் நம் பாவங்களை நினைப்பதில்லை என்றுதானே வேதம் சொல்கிறது? அப்படியானால் கிருபையும் ஒரு மல்லிகன்தானே?"

நல்ல கேள்வி. என் புரிதல் இது. கிருபையில் அந்த அடி எழுதப்படாமல் போகவில்லை. அது வேறொருவருடைய கணக்கில் எழுதப்பட்டது. அதற்குத்தான் சிலுவை. தவறு நடக்கவே இல்லை என்று சொல்லிவிட முடிந்திருந்தால் ஆண்டவர் கல்வாரிக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

பேதுருவை நினைத்துப் பாருங்கள். கரிநெருப்பு அருகே குளிர்காய்ந்துகொண்டு மூன்று தடவை ஆண்டவரை மறுதலித்தான். உயிர்த்தெழுந்த பிறகு திபேரியாக் கடற்கரையில் இயேசு அவனைச் சந்திக்கிறார். அங்கேயும் கரிநெருப்பு மூட்டியிருக்கிறது. சாப்பாடு முடிந்ததும், தம்மை நேசிக்கிறாயா என்று கேட்கிறார். ஒரு தடவை கேட்டிருந்தால் போதாதா? மூன்று தடவை கேட்கிறார். மூன்றாம் தடவை பேதுரு துக்கப்பட்டான் என்று யோவான் எழுதி வைத்திருக்கிறார். நடந்ததைப் பற்றி ஆண்டவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை, அதே சமயம் நடக்காதது போல் கடந்துபோகவும் இல்லை. எண்ணினார். எண்ணியபடியே ஒவ்வொரு தடவையும் ஒரு பொறுப்பைக் கையில் கொடுத்தார். பந்தை இங்கே விடு, இங்கிருந்து ஆடு என்பதைப் போல.

சகேயுவின் வீட்டிலும் இதே ஒழுங்குதான். அவன் வீட்டில் தங்கப்போவதாக இயேசு முதலில் சொல்லிவிட்டார். ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகு, யாரும் கேட்காமலே சகேயு தன் கணக்கைத் தானே எடுத்தான். ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான்.

நம் சபையில் இரண்டு பழக்கங்கள்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த நாட்டில் இருக்கும் நம் தமிழ்ச் சபைகளில், ஒரு பிள்ளை தண்ணீரில் விழுந்தால் நமக்கு இரண்டே வழிகள்தான் தெரிகின்றன.

ஒன்று மல்லிகன். காலேஜில் இரண்டு செமஸ்டர் தோற்றுப்போய் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பையனைப் பற்றிக் கேட்டால், ஆன்லைனில் ஏதோ கோர்ஸ் பண்ணுகிறான் என்று பதில் வரும். நிச்சயதார்த்தம் முறிந்த பெண்ணைப் பற்றிக் கேட்டால் வேலையில் ரொம்ப பிஸி. எதுவும் நடக்கவில்லை. நடக்காத ஒன்றுக்கு யார் உதவி செய்ய முடியும்? யார் சேர்ந்து ஜெபிக்க முடியும்? அந்தப் பையன் பின்வரிசையில் உட்கார்ந்து, யாராவது பேச வருவதற்குள் கார் பார்க்கிங்குக்குப் போய்விடுகிறான்.

இன்னொன்று, ஆட்டத்திலிருந்தே நீக்கிவிடுவது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் போலீசில் மாட்டினான் என்று செய்தி பரவியதும் பாடகர் குழுவில் அவன் இடம் காலியாகிவிடும். ஞாயிறு பள்ளியில் அவனுக்கு இனி வகுப்பில்லை. யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. அன்பின் விருந்தில் பிரியாணித் தட்டோடு நின்று நாலு பேர் தாழ்ந்த குரலில் பேசுவார்கள், அவ்வளவுதான். ஒரு அடி தண்டனைக்குரிய இடத்தில் பதினெட்டுக் குழிகளையும் பறித்துக்கொள்கிறோம்.

டிராப் என்ற மூன்றாவது வழி நம் பழக்கத்தில் இல்லை. ஆமாம், விழுந்தாய். இதன் விலை இவ்வளவு. ஒரு செமஸ்டர் கட்டணம், அல்லது லைசென்ஸ், அல்லது ஒரு மன்னிப்புக் கேட்கும் கடிதம். அதைக் கட்டு. பிறகு இங்கே வந்து நில், அடுத்த அடியை ஆடு. நாங்கள் கூட நடக்கிறோம். இப்படிச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் ஒரு சபையில் நாலு பேர் இருந்தால் அந்தச் சபைப் பிள்ளைகள் பாக்கியவான்கள்.

நான் நர்ஸ். கணக்கை மறைப்பது எவ்வளவு ஆபத்து என்று என் தொழில் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டது. தடுத்திருக்கக்கூடிய மருத்துவத் தவறுகளால் அமெரிக்க மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக அமெரிக்க மருத்துவக் கழகம் 1999இல் ஓர் அறிக்கையில் மதிப்பிட்டது. அதற்கு முன்பெல்லாம் இரண்டே வழிகள் இருந்தன, தவறை மூடிவிடு, அல்லது செய்தவரைத் துரத்திவிடு. இரண்டாவதற்குப் பயந்து எல்லோரும் முதலாவதைச் செய்தார்கள். அதனால் அதே தவறு அடுத்த வார்டிலும் நடந்தது. நடந்ததை எழுது, நோயாளியைக் கவனி, ஏன் நடந்தது என்று பார், சரிசெய் என்ற வழக்கம் அதற்குப் பிறகே வலுப்பட்டது. நியூஜெர்சியில் 2004இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. கடுமையான, தடுத்திருக்கக்கூடிய தவறு நடந்தால் மருத்துவமனை அதை மாநில சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், நோயாளிக்கோ குடும்பத்துக்கோ சொல்லவும் வேண்டும்.

வீட்டிலும் இதே கதைதான். மகனோ மகளோ மாத்திரைகளை அளவுக்கு மேல் விழுங்கிவிட்டால், நம்மூர்ப் பெற்றோர் முதலில் பயப்படுவது பெயர் கெட்டுவிடும் என்றுதான். வயிற்றுவலி என்று சொல்லிச் சமாளிக்கப் பார்ப்பார்கள். இதை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். டைலினால் போன்ற மாத்திரை உடம்பில் அதிகமாகிவிட்டால் முதல் நாளில் ஆள் நன்றாக இருப்பது போலவே தெரியலாம், ஆனால் கல்லீரல் பாதிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். மாற்று மருந்து இருக்கிறது. விழுங்கிய எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நன்றாக வேலை செய்யும். எதை விழுங்கினாய், எத்தனை, எத்தனை மணிக்கு என்ற மூன்று கேள்விகளுக்கும் உண்மையான பதில் எங்களுக்கு வேண்டும். அந்த எண்ணை மறைத்தால் மானம் காக்கப்படுவதில்லை, நேரம்தான் போகிறது. இப்படி ஏதாவது நேர்ந்தால் 1-800-222-1222 என்ற விஷமுறிவு உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். ஆள் மயங்கினாலோ மூச்சுத் திணறினாலோ 911. வாழவே பிடிக்கவில்லை என்று யாருக்காவது தோன்றினால், எந்த நேரமானாலும் 988. வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு குழியின் எண்ணை உள்ளபடி எழுதப் பழகாத பிள்ளை, அப்படிப்பட்ட இரவில் திடீரென்று உண்மையைச் சொல்லிவிடுமா? விளையாட்டில் பழகியது வாழ்க்கையில் கைகொடுக்கும் என்பதால்தான் சபைகள் விளையாட்டுப் போட்டிகளே நடத்துகின்றன. நாம் நடத்தும் போட்டி எதைப் பழக்குகிறது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

புதியவர்கள் என்ன செய்வார்கள்?

அப்படியானால் எளிய திடலுக்கே போய்விடலாமே, தண்ணீர் நிறைந்த திடல் புதியவர்களுக்கு நியாயமா என்றும் சிலர் கேட்டார்கள். நம் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் பால்டஸ்ரால் என்ற புகழ்பெற்ற கிளப் இருக்கிறது. 1954 அமெரிக்க ஓப்பனுக்காக ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் அதன் லோயர் திடலைத் திருத்தி அமைத்தார். குளத்தைத் தாண்டி அடிக்க வேண்டிய 4ஆம் குழி ரொம்பக் கடினம் என்று உறுப்பினர்கள் குறைசொன்னார்கள். ஜோன்ஸ் அவர்களில் சிலரை அழைத்துக்கொண்டு அங்கே போய்த் தாமே ஒரு பந்தை அடித்தார். அது பச்சைத் தரையில் விழுந்து உருண்டு குழிக்குள் போய்விட்டது. பார்த்தீர்களா, குழி நியாயமானதுதான் என்றாராம்.

நமக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. ஆனால் புதியவர்களைக் காப்பாற்ற விதிப்புத்தகத்திலேயே வழி இருக்கிறது. 2019 முதல் அதிகபட்ச ஸ்கோர் என்ற ஆட்டமுறையை விதிகள் முறையாக ஏற்றிருக்கின்றன. ஒரு குழிக்கு எழுதக்கூடிய பெரிய எண் எது என்று போட்டிக் குழு முன்கூட்டியே சொல்லிவிடலாம். பாரைப் போல் இரண்டு மடங்கு என்று வைத்தால், பார் மூன்று குழியில் ஆறுக்கு மேல் யாருக்கும் ஏறாது. அதை எட்டியதும் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போய்விடலாம். 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையும் இப்படித்தான். ஒரே ஒரு மோசமான குழி உங்கள் ஹேண்டிகேப்பைக் கெடுத்துவிடாதபடி, அந்தக் குழிக்கு ஓர் உச்சவரம்பு வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஒரு குழியை வைத்து ஒரு மனிதனை எடைபோடக் கூடாது என்று கோல்ஃப் விதி எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

ஆகவே போட்டிக் குழுவுக்கு என் யோசனைகள் இவை. மல்லிகன் சீட்டை விடுங்கள். அதிகபட்ச ஸ்கோர் முறையை வையுங்கள். சிறுவர்களும் பெரியவர்களும் முன் டீயிலிருந்து ஆடட்டும். தண்ணீரில் பந்தை விட்ட ஒவ்வொருவரும் பந்துக்கு ஒரு டாலர் காணிக்கை டப்பாவில் போடட்டும், அடியும் கணக்கில் ஏறட்டும். ஒரு டாலர் கொடுத்ததால் எதுவும் அழியாது, சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டு மேலே ஆடுவோம். திடலில் இருக்கும் தண்ணீரையும் நம் ஆட்களின் திறமையையும் பார்த்தால், மல்லிகன் சீட்டில் வரும் பணத்தைவிட இது அதிகமாகவே வரும் என்று நம்புகிறேன். ஊரில் விடுதிப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குக் குறை வராது.

கூடுதலாக ஒரு பரிசும் வேண்டும். முதல் பரிசு குறைந்த ஸ்கோருக்கு, அது வழக்கம். இன்னொன்று, தண்ணீரில் பந்தை விட்ட பிறகு அதே குழியை மிகச் சிறப்பாக ஆடி முடித்தவருக்கு. அதற்குப் பேதுரு கோப்பை என்று பெயர் வைக்கலாம். தண்ணீரில் மூழ்கத் தொடங்கியதும் ஆண்டவரைக் கூப்பிடத் தெரிந்தவன் அவன்.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு குழு கூடுகிறது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வந்து பேசுங்கள், கேட்கிறேன். கோப்பைக்கான செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.